கடுமையான குழந்தைப்பருவ வலிப்பில் மூளை இணைப்புகளை ஆராயத் தொடங்குபவர்களுக்கு

குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்களில், மூளையில் எந்த இடத்தில் கோளாறு என்று கேட்டால் பல சமயம் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. லெனாக்ஸ்-கஸ்டோ நோய்க்குறியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்குப் பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை. இன்னொரு குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்து போனது. மூன்றாவது குழந்தைக்கு மரபணு மாற்றம். நான்காவது குழந்தையின் எம்ஆர்ஐயில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் நான்கு பேரின் ஈஈஜியும் (தலைத்தோலில் மின்முனை வைத்து எடுக்கும் மூளை அலைப் பதிவு) ஒரே சாயலில் இருக்கும்: விநாடிக்கு 2.5-க்கும் குறைவான மெதுவான கூரலைகள் (ஊசி போலக் கூராக எழும் வலிப்பு அலைகள்), தூக்கத்தில் திடீரென்று எழும் வேக அலைத் தொடர்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜான் ஆர்ச்சர் குழுவினர் 2014-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடக்கக் காரணம் எதுவாக இருந்தாலும், அது கடைசியில் மூளையின் ஒரே பெரிய வலைப்பின்னலைப் பற்றிக்கொள்கிறது. குழந்தையின் வலிப்பும் அறிவு வளர்ச்சி தேங்குவதும் அந்த வலைப்பின்னல் வழியாகவே நடக்கின்றன என்றார்கள்.

அந்த வலைப்பின்னலை அளக்க விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பொறியியல் படித்தவராக இருக்கலாம், குழந்தை நரம்பியல் பயிற்சி மருத்துவராகவும் இருக்கலாம். இந்தத் துறையில் இணைப்பு என்பது மூளையின் இரண்டு இடங்களின் அலைகள் எவ்வளவு சேர்ந்து நடக்கின்றன என்பதன் அளவு. அதைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். ஏதாவது ஒரு மென்பொருளில் ஈஈஜியைப் போட்டால், தலைப் படம் முழுக்க வண்ணக் கோடுகள் உடனே வந்துவிடும். அவற்றில் எது பொய் என்று பிரிப்பதில்தான் உழைப்பு இருக்கிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

1. முதலில் நோயைப் படியுங்கள்

நிரல் எழுதத் தொடங்கும் முன் இரண்டு நோய்க்குறிகளையாவது நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று மேலே சொன்ன லெனாக்ஸ்-கஸ்டோ. பெரும்பாலும் 3 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். மற்றொன்று வெஸ்ட் நோய்க்குறி. 1841-இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தன் கைக்குழந்தைக்கு வந்த விநோதமான வலிப்பை விவரித்து லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். தலை முன்னால் கவிழ்ந்து, கைகள் விரிந்து, ஓரிரு விநாடியில் முடியும் உதறல். அது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கடுக்காக வரும், குறிப்பாகத் தூங்கி எழும்போது. பல வீடுகளில் இதை வயிற்றுவலி என்றோ, குழந்தை திடுக்கிடுகிறது என்றோ நினைத்து நாட்களை இழந்துவிடுகிறார்கள். பொதுவாக 3 முதல் 12 மாத வயதில் ஆரம்பிக்கும். சர்வதேச வலிப்பு எதிர்ப்பு அமைப்பு 2022-இல் இதைக் கைக்குழந்தை வலிப்பு இசிவு நோய்க்குறி என்ற அகன்ற பெயரின் கீழ் கொண்டுவந்தது.

வெஸ்ட் நோய்க்குறியின் ஈஈஜி பின்னணிக்கு ஹிப்ஸாரித்மியா என்று பெயர். கிப்ஸ் தம்பதியர் 1952-இல் விவரித்தது. மிக உயரமான, ஒழுங்கற்ற மெதுவான அலைகளும், பல இடங்களில் மாறி மாறித் தோன்றும் கூரலைகளும் கலந்திருக்கும். பார்த்தால் எந்த ஒழுங்கும் இல்லாத குழப்பம் போலத்தான் தெரியும். ஆனால் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் டேனியல் ஷ்ரே, பெத் லோபோர் ஆகியோரின் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில் வேறொன்று தெரிந்தது. குழப்பமாகத் தோன்றும் அந்த ஈஈஜிக்குள் இணைப்புகள் வலுவாக இருந்தன. சிகிச்சை பலித்த குழந்தைகளிடம் அந்த வலிமை குறைந்தது. கண்ணுக்கு எட்டாததைக் கணக்கு காட்டிய இடம் அது. இந்தத் துறைக்குள் வர இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

வாய்ப்பு கிடைத்தால், ஒரு மருத்துவமனையின் ஈஈஜி அறையில் சில நாட்கள் உட்காருங்கள். பதிவு எடுக்கும் டெக்னீஷியனிடம் கேள்வி கேளுங்கள். எந்த அலை குழந்தையுடையது, எந்த அலை கம்பி அசைந்ததால் வந்தது என்று அவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

2. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

“வலிப்பில் மூளை இணைப்பு எப்படி மாறுகிறது” என்பது ஆராயக்கூடிய கேள்வி இல்லை. “ஒரே குழந்தையின், ஒரே தூக்க நிலையில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும், 1 முதல் 4 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 1 முதல் 4 அலை) வரையிலான பட்டையில் சராசரி இணைப்பு வலிமை குறைந்ததா” என்பது ஆராயக்கூடியது. அதிலுள்ள ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு பொய் இணைப்பை வெளியே நிறுத்துகிறது. தரவைப் பார்ப்பதற்கு முன்பே இந்த வாக்கியத்தை எழுதித் தேதி போட்டு வைத்துவிடுங்கள். பல பட்டை, பல அளவீடு, பல வயதுக் குழு என்று தேடிக்கொண்டே போனால் ஏதோ ஒன்று வித்தியாசமாக வந்தே தீரும்.

3. தரவு எங்கிருந்து கிடைக்கும்

பழகுவதற்குத் திறந்த தரவு போதும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பதிவான சிஹெச்பி-எம்ஐடி தொகுப்பு ஃபிசியோநெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளின் பதிவுகள் அவை. விநாடிக்கு 256 சாம்பிள், அதாவது 256 முறை அளந்தவை. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனை 79 பச்சிளங்குழந்தைகளின் பதிவுகளை வெளியிட்டிருக்கிறது. அதில் மூன்று நிபுணர்கள் தனித்தனியாக வலிப்பு நேரங்களைக் குறித்திருக்கிறார்கள். இரண்டுமே வெஸ்ட், லெனாக்ஸ்-கஸ்டோ நோய்க்குறிகளுக்கென்று திரட்டியவை அல்ல. முறையைக் கற்றுக்கொள்ள இவற்றைப் பயன்படுத்துங்கள், அந்த நோய்களைப் பற்றி முடிவு சொல்ல வேண்டாம்.

பாஸ்டன் தொகுப்பில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதன் சேனல்கள் இரட்டை மின்முனை மாண்டாஜில் இருக்கின்றன, அதாவது ஒவ்வொரு சேனலும் பக்கத்துப் பக்கத்து மின்முனைகள் இரண்டின் வித்தியாசம். எஃப்பி1-எஃப்7 ஒரு சேனல், எஃப்7-டி7 அடுத்த சேனல். இரண்டிலும் எஃப்7 இருக்கிறது. எஃப்7-இல் ஒரு சின்ன இரைச்சல் வந்தாலும் இரண்டு சேனலிலும் எதிரெதிர்க் குறியோடு தெரியும். மென்பொருள் அதை அருமையான இணைப்பு என்று சொல்லும். மின்முனையைப் பகிர்ந்துகொள்ளும் சேனல் ஜோடிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மருத்துவமனையில் புதிதாகத் தரவு எடுப்பதாக இருந்தால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி, பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இரண்டும் தேவை. இந்தியாவில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழியாகவும், 12-க்கு மேல் எழுத்திலும் சம்மதம் பெற வேண்டும். அறிவு வளர்ச்சி பாதிக்கப்பட்ட குழந்தைக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவுக்காவது, பொறுமையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வெஸ்ட் நோய்க்குறியில் சிகிச்சை தாமதமானால் குழந்தையின் வளர்ச்சி பாதிக்கப்படும். ஏசிடிஎச், பிரெட்னிசலோன், விகாபாட்ரின் ஆகிய மருந்துகளில் எதை மருத்துவர் தேர்ந்தெடுத்தாலும், உங்கள் ஆய்வுக்கு இன்னொரு பதிவு வேண்டும் என்பதற்காக அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. வழக்கமான சிகிச்சைக்காக எடுக்கும் ஈஈஜிக்குள்ளேயே உங்கள் ஆய்வு அடங்கட்டும்.

4. கணினிக்கு முன் கண்

பதிவு முழுவதையும் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். சலிப்பாக இருக்கும், பரவாயில்லை. குழந்தையின் ஈஈஜியில் பெரியவர்களிடம் வராத ஆர்ட்டிஃபாக்ட்கள், அதாவது மூளையிலிருந்து வராத பொய் அலைகள், நிறைய. பால் குடிக்கும்போதும் விரல் சூப்பும்போதும் தாளகதியில் அலை வரும். அம்மா முதுகில் தட்டிக் கொடுத்துத் தூங்க வைக்கும்போது வரும் அலை, வலிப்பு அலையைப் போலவே சீராக இருக்கும். வீடியோ இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

தானியங்கிச் சுத்திகரிப்பை நம்பி இந்தப் படியைத் தாண்டாதீர்கள். பெரியவர்களுக்காக எழுதிய நிரல்கள் பலவும் 100 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போன பதிவுத் துண்டுகளைக் கழிவு என்று தூக்கிப் போட்டுவிடும். ஹிப்ஸாரித்மியாவின் அலைகள் 200 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும். நோயையே குப்பையில் போட்டுவிட்டு மிச்சத்தை ஆராய்ந்ததாக ஆகிவிடும்.

பார்க்கும்போதே ஒரு குறிப்பேட்டில் விழிப்பு, தூக்கம், எந்த வகைத் தூக்கம் என்று நேரத்தோடு எழுதுங்கள். ஹிப்ஸாரித்மியா ஆழ்ந்த தூக்கத்தில் கூடும், கனவு வரும் தூக்கத்தில் தணியும். சிகிச்சைக்கு முன் தூக்கப் பதிவையும் பின் விழிப்புப் பதிவையும் எடுத்து ஒப்பிட்டால், மருந்தின் பலன் என்று நீங்கள் சொல்வது வெறும் விழிப்பின் பலனாக இருக்கலாம். குழந்தையைத் தூங்க வைக்க ட்ரைக்ளோஃபாஸ் போன்ற மருந்து கொடுத்திருந்தால் அதையும் குறித்துவையுங்கள். பென்சோடயசெபின் வகை மருந்துகள் பீட்டா எனப்படும் வேகமான பட்டையின் அலைகளை ஏற்றிவிடும்.

5. சுத்தம் செய்தல்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். எம்என்இ-பைத்தான், ஈஈஜிலேப், ஃபீல்ட்டிரிப், பிரெயின்ஸ்டார்ம் நான்கும் இலவசம். உங்களுக்குத் தெரிந்த கணினி மொழியில் இருப்பதை எடுங்கள். முழுப் பதிவையும் வடிகட்டிய பிறகே துண்டு போடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டின் விளிம்பும் கெடும். கட்டம் மாறாத, அதாவது அலையை நேரத்தில் முன்பின் தள்ளாத வடிகட்டியையே பயன்படுத்துங்கள். மின்கம்பி இரைச்சல் இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், பாஸ்டன் தரவில் 60. கெட்டுப்போன மின்முனையைப் பக்கத்து மின்முனைகளின் சராசரியால் நிரப்பினால், அந்தப் பக்கத்து மின்முனைகளோடு அதற்கு வரும் இணைப்பு நீங்களே உண்டாக்கியது. அதனால் நிரப்பாமல் விட்டுவிடுவது நல்லது.

பட்டைகளை மட்டும் கவனமாக யோசியுங்கள். பெரியவர்களின் ஆல்ஃபா பட்டை 8 முதல் 13 ஹெர்ட்ஸ். கண்ணை மூடியதும் தலையின் பின்பக்கம் தெரியும் அந்தத் தாளம், ஒரு வயதுக் குழந்தையிடம் ஏறத்தாழ 6 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். 3 வயதில்தான் 8-ஐ எட்டும். பாடப்புத்தகப் பட்டைகளை அப்படியே கைக்குழந்தைக்குப் பொருத்தினால், வளர்ச்சியை நோய் என்று படிப்பீர்கள்.

6. எந்த அளவீடு?

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். தெருவில் இரண்டு வீடுகளில் ஒலிப்பதிவுக் கருவி வைத்தால் இரண்டிலும் ஒரே பாட்டு, ஒரே நேரத்தில் பதிவாகும். அதை வைத்து இரண்டு வீட்டுக்காரர்களும் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்ல மாட்டோம். தலைத்தோலில் வைத்த மின்முனைகளின் நிலைமையும் அதுதான். மூளையின் ஒரே மூலத்திலிருந்து எழும் மின்சாரம் திசு, மண்டையோடு வழியாகப் பரவிப் பல மின்முனைகளை ஒரே கணத்தில் எட்டுகிறது. அதனால் சாதாரணத் தொடர்புக் கெழுவும் கொஹிரன்ஸும் (ஒரு குறிப்பிட்ட பட்டையில் இரண்டு சேனல்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) பக்கத்து மின்முனைகளுக்கு இடையே எப்போதும் உயர்ந்தே இருக்கும்.

இப்படிப் பரவும்போது தாமதம் ஏற்படுவதில்லை. நரம்பு வழியாகச் செய்தி போனால் தாமதம் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் பல அளவீடுகள் வந்தன. கலப்பெண்ணாக எழுதிய கொஹிரன்ஸில், தாமதத்தோடு வரும் ஒற்றுமையை மட்டும் காட்டும் கற்பனைப் பகுதியை எடுக்கும் முறையை குய்டோ நோல்ட்டே 2004-இல் முன்வைத்தார். கார்னலிஸ் ஸ்டாமின் பேஸ் லேக் இண்டெக்ஸ் 2007-இல் வந்தது. ஒரு சேனலின் அலை மற்றதை எப்போதும் ஒரே பக்கமாக முந்துகிறதா அல்லது பிந்துகிறதா என்று அது பார்க்கும். அதன் எடையிட்ட வடிவத்தை மார்ட்டின் விங்க் 2011-இல் தந்தார். மூன்றுமே தாமதமில்லாத ஒற்றுமையை ஒதுக்குகின்றன. அதற்கு ஒரு விலை உண்டு: மூளையில் உண்மையாகவே தாமதமின்றிச் சேர்ந்து துடிக்கும் இடங்களையும் இவை சேர்த்தே ஒதுக்கிவிடும்.

தொடங்குபவருக்கு என் யோசனை: கொஹிரன்ஸ் ஒன்று, எடையிட்ட பேஸ் லேக் இண்டெக்ஸ் ஒன்று, இரண்டையும் ஒரே தரவில் ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று பார்த்தாலே நிறைய புரியும். யாரிடமிருந்து யாருக்குச் செய்தி போகிறது என்று அம்புக்குறி போடும் கிரேஞ்சர் வகை முறைகளைப் பிறகு தொடலாம். தலைத்தோல் தரவில் அவற்றைச் சரியாகப் பயன்படுத்துவதற்கு அனுபவம் வேண்டும்.

உண்மைத் தரவைத் தொடும் முன் ஒரு பயிற்சி. கணினியில் 10 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் ஒரு சமிக்ஞையை உருவாக்குங்கள். அதை இரண்டு சேனல்களில் வெவ்வேறு அளவில் கலந்து, ஒவ்வொன்றிலும் தனித்தனி இரைச்சல் சேருங்கள். கொஹிரன்ஸ் உயரும், பேஸ் லேக் இண்டெக்ஸ் தாழ்ந்தே நிற்கும். அடுத்து, இரண்டாவது சேனலில் அதே சமிக்ஞையை 256 சாம்பிள் வேகத்தில் 5 சாம்பிள் தள்ளிப் போடுங்கள். இப்போது இரண்டும் உயரும். இந்த முடிவு உங்கள் நிரலில் வராவிட்டால் குழந்தையின் தரவுக்குப் போகாதீர்கள்.

எவ்வளவு நீளப் பதிவு வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். மாசசூசெட்ஸில் கேத்தரின் சூ குழுவினர் 2012-இல் காட்டியபடி, நிலையான இணைப்பு வடிவம் தெரியக் குறைந்தது 100 விநாடி அளவு தரவு தேவைப்படுகிறது. எட்டுப் பத்து விநாடியை வைத்து வரைந்த வலைப்பின்னல் படத்தை நான் நம்ப மாட்டேன். ஒப்பிடும் எல்லாப் பதிவுகளிலும் துண்டுகளின் நீளமும் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். துண்டு குறைந்தால் கொஹிரன்ஸ் தானாகவே கூடும். பலர் கவனிக்காத விஷயம் இது.

7. தற்செயலை அளந்து பாருங்கள்

19 மின்முனைகள் என்றால் 171 ஜோடிகள். ஒவ்வொன்றையும் 5 சதவீத வரம்பில் சோதித்தால், எந்த இணைப்பும் இல்லாத மூளையிலும் எட்டு ஒன்பது கோடுகள் விழும். அதனால் பதிலித் தரவு உருவாக்குங்கள். ஒரு சேனலை மற்றதோடு ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் நேரத்தில் வெகுதூரம் நகர்த்திவிட்டால், ஒவ்வொரு சேனலின் குணமும் மாறாது, உறவு மட்டும் அறுந்துபோகும். இதைப் பல நூறு முறை செய்து, தற்செயலாக எவ்வளவு இணைப்பு வருகிறது என்று பாருங்கள். உண்மை மதிப்பு அதைத் தாண்டினால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பல சோதனைகளுக்கான திருத்தமும் செய்ய வேண்டும். பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறை போதும்.

கூரலைகளையும் இங்கேயே விசாரியுங்கள். ஒரு பெரிய கூரலை தலை முழுக்கத் தெரிந்தால் இணைப்பும் கூடியதாகக் காட்டும். கூரலை உள்ள துண்டுகளோடு ஒருமுறை, அவை இல்லாமல் ஒருமுறை என்று கணக்கிட்டு இரண்டையும் வெளியிடுங்கள். நீங்கள் அளந்தது வலைப்பின்னலையா, கூரலைகளின் எண்ணிக்கையையா என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

8. வரைபடக் கணிதம்: கொஞ்சம் போதும்

மின்முனைகளைப் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் வைத்து, கொத்துக் கெழு (ஒரு புள்ளியின் அண்டைப் புள்ளிகள் தங்களுக்குள் எவ்வளவு இணைந்திருக்கின்றன), சராசரிப் பாதை நீளம் (ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போக எத்தனை கோடுகள்) என்று கணக்கிடலாம். 1998-இல் வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும், அக்கம்பக்கம் நெருக்கமாக இணைந்தும் தொலைவைச் சில தாவலில் எட்டியும் இருக்கும் சிற்றுலக வலைப்பின்னலை விளக்கிய பிறகு இது மூளை ஆய்வில் பரவலாகிவிட்டது. ஆனால் 19 புள்ளிகளை வைத்துச் சிற்றுலகம் என்று பேசுவது எனக்குச் சம்மதமில்லை. எந்த வரம்புக்கு மேல் கோடு போடுகிறோம் என்பதை மாற்றினாலே எண்கள் எல்லாம் புரண்டுவிடும். முதல் ஆய்வில் சராசரி வலிமை, எந்தப் பகுதியில் அது கூடியிருக்கிறது என்ற தலைப் படம், இந்த இரண்டோடு நிறுத்துங்கள்.

9. யாரை யாரோடு ஒப்பிடுவது

முடிந்தவரை ஒரே குழந்தையை அதே குழந்தையோடு ஒப்பிடுங்கள். நலமான குழந்தைகளோடு ஒப்பிட வேண்டுமென்றால், கைக்குழந்தைகளில் வயது மாதக் கணக்கில் பொருந்த வேண்டும். 5 மாதக் குழந்தையும் 11 மாதக் குழந்தையும் “ஒரு வயதுக்குட்பட்டோர்” என்ற ஒரே பெட்டியில் அடங்க மாட்டார்கள்.

எண்ணிக்கை என்று வரும்போது குழந்தைகளை எண்ணுங்கள், துண்டுகளை எண்ணாதீர்கள். 10 குழந்தைகளிடம் தலா 200 துண்டு எடுத்தாலும் உங்கள் ஆய்வில் இருப்பவர்கள் 10 பேர்தான். இயந்திரக் கற்றலுக்குப் போகும்போது இது இன்னும் முக்கியம். ஒரே குழந்தையின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால், நிரல் நோயைக் கற்காமல் அந்தக் குழந்தையை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும். பாஸ்டன் தொகுப்பிலேயே 1-ஆம் எண்ணும் 21-ஆம் எண்ணும் ஒரே சிறுமி. ஒன்றரை ஆண்டு இடைவெளியில் எடுத்த பதிவுகள். தொகுப்போடு வரும் விளக்கத்தைப் படிக்காமல் நேராகக் கோப்புகளைப் பதிவிறக்கினால் இது தெரியாமலே போய்விடும்.

10. எம்ஆர்ஐ பக்கம் போக விரும்பினால்

தாலமஸ் (புறணிக்குச் செய்திகளைக் கடத்தும், மூளையின் நடுவிலுள்ள பகுதி) போன்ற ஆழமான இடங்களைத் தலைத்தோல் ஈஈஜி நன்றாகக் காட்டாது. ஈஈஜியையும், ரத்த ஓட்ட மாற்றத்தின் வழியே மூளை இயங்குவதைக் காட்டும் செயல்சார் எம்ஆர்ஐயையும் ஒரே நேரத்தில் பதிவு செய்துதான், லெனாக்ஸ்-கஸ்டோவின் வேக அலைத் தொடர்களில் மூளைப் புறணியின் விரிந்த பகுதிகளும் தாலமஸும் சேர்ந்து இயங்குவதை மெல்போர்ன் குழு கண்டது. தாலமஸின் சென்ட்ரோமீடியன் கருவில் மின்முனை பதித்துத் தூண்டும் சிகிச்சையை அதே நகரில் சோதித்தார்கள். முடிவு 2022-இல் வெளியானது. இணைப்பு ஆய்வும் சிகிச்சையும் இவ்வளவு நெருங்கி வருவது அரிது.

ஆனால் எம்ஆர்ஐயில் தலை அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் பொய் இணைப்பு வரும். அசைவு, பக்கத்து இடங்களின் இணைப்பைக் கூட்டியும் தொலைவு இடங்களின் இணைப்பைக் குறைத்தும் காட்டும் என்று ஜோனதன் பவர் 2012-இல் தெளிவாக்கினார். இந்தக் குழந்தைகளால் அசையாமல் படுக்க முடியாது. மயக்க மருந்து கொடுத்தால் அதுவே இணைப்பை மாற்றும். ஈஈஜியில் கை பழகிய பிறகு இதற்கு வாருங்கள்.

11. எழுதும்போது

எந்த மாண்டாஜ், எந்த வடிகட்டி, துண்டின் நீளம், எத்தனை துண்டு, தூக்க நிலை, மருந்துகள், கூரலைகளை என்ன செய்தீர்கள், பதிலித் தரவை எப்படி உருவாக்கினீர்கள் என்று எல்லாவற்றையும் முறைப் பகுதியில் எழுதுங்கள். நிரலையும் சேர்த்து வெளியிடுங்கள். மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்தவர் அதே பாதையில் நடந்து, வேறு குழந்தைகளின் நேரத்தைச் செலவழிக்காமல் இருக்க அது உதவும்.

உங்கள் தலைப் படத்தைப் பெற்றோர் பார்க்க நேர்ந்தால், “இந்தச் சிவப்புக் கோடு என்ன, என் பிள்ளைக்குச் சரியாகிவிடுமா” என்று கேட்பார்கள். இன்றைய நிலையில் இந்தக் கணக்கு குழந்தைகளின் குழுவைப் பற்றிச் சொல்கிறது, ஒரு தனிக் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்வதில்லை. அதை அவர்களுக்கு நேராக, அன்பாகச் சொல்லுங்கள். மருந்தை மாற்றுவதா, அறுவைச் சிகிச்சை உதவுமா என்பதை வீடியோ ஈஈஜி, எம்ஆர்ஐ, மரபணுப் பரிசோதனை ஆகியவற்றை வைத்து அவர்களுடைய நரம்பியல் மருத்துவர் முடிவு செய்வார். அந்தக் கேள்வியோடு அவர்களை அவரிடம் அனுப்பி வையுங்கள்.